அகல்கோண வில்லையும் ஒடுங்கிய வீதியும்

நிழற்படக் கலையில் ஈடுபாடுடையோரிடையே வழங்கும் கூற்றுக்களுள் ஒன்று, இடம் ஒடுங்கியதாயின் வில்லை அகன்றதாய் இருத்தல் வேண்டும் என்பதாகும். கேட்ட மாத்திரத்தே ஏற்கத்தக்கதாய்த் தோன்றும் இக்கூற்று அரைப்பங்கே உண்மை. எஞ்சிய அரைப்பங்கு, கொழும்பு நகரிலே, குறிப்பாக ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு ஆகிய பகுதிகளிலே எடுக்கப்படும் படங்கள் பலவற்றைக் கெடுத்து வந்துள்ளது. கோயில் மலர்களில் வெளியாகும் திருவிழாப் படங்களை வரிசையாக வைத்து நோக்குவோர் இதனை எளிதிற் காண்பர். கோபுரம் பின்புறமாகச் சாய்ந்து நிற்கும். ஓரத்தில் நிற்கும் அடியாரின் தலை பூசணிக்காய்போல் அகன்றிருக்கும். தெருவோ, அதில் நாள்தோறும் தோளோடு தோள் உரசி நடப்போரே அடையாளங் காணவியலாதவாறு விசாலமாய் விரிந்து கிடக்கும்.

இவ்வினா பழைய வினாவன்றோ, இக்காலத்துக்கு இது வேண்டுமோ என ஐயுறுவார் உளர். கொடக்குரோம் சுருளின் உற்பத்தி 2009 இல் நிறுத்தப்பட்டது. நிக்கோன் நிறுவனம் தன் எவ்6 கமெராவை 2020 இல் கைவிட்டது. படச்சுருளின் காலம் முடிந்ததென்றே பலர் கருதினர். ஆயினும் 2024 இல் பென்ராக்ஸ் நிறுவனம் சுருளிற் படம்பிடிக்கும் புதிய கமெரா ஒன்றை வெளியிட்டது. அலுமாரியின் அடித்தட்டிற் கிடந்த தந்தையரின் 35 மி.மீ. கமெராக்களை இளைஞர் பலர் எடுத்துத் துடைக்கத் தொடங்கியுள்ளனர். அவற்றொடு பெரும்பாலும் 50 மி.மீ. வில்லையே பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு அடுத்ததாக வாங்கத்தக்க அகல்கோண வில்லை எது என்பதே அவர்கள் எழுப்பும் முதல் வினா. விடை கூறுவோரும் கோணத்தைப் பாகையிற் கூறி அமைந்துவிடுகின்றனர். 50 மி.மீ. வில்லை மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 47 பாகையையும், 35 மி.மீ. 63 பாகையையும், 28 மி.மீ. 75 பாகையையும், 24 மி.மீ. 84 பாகையையும், 21 மி.மீ. 92 பாகையையும் தன்னுள் அடக்கும். பட்டியல் சரியானதே. அதனாற் பெறப்படும் முடிவோ பெரும்பாலும் பிழையானது.

முதற்கண் தெளியவேண்டியது ஒன்றுண்டு. ஒரு படத்தில் அண்மையிலுள்ள பொருள் பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் விகிதத்தைத் தீர்மானிப்பது வில்லையன்று. கமெரா நிற்கும் இடமே. வில்லை அவ்விடத்திலிருந்து தோன்றும் காட்சியில் எவ்வளவு வெட்டி எடுக்கப்படும் என்பதை மட்டுமே வரையறுக்கின்றது. ஆயினும் அகல்கோண வில்லை கையிலிருப்பவர் தம்மை அறியாமலே முன்னே நகர்ந்துவிடுகின்றார். காவடி எடுத்துவரும் அடியார் ஒருவருக்குப் பின்னே 18 மீற்றர் தொலைவிற் கோபுரம் நிற்பதாகக் கொள்க. 28 மி.மீ. வில்லையோடு அடியாருக்கு 2 மீற்றர் அண்மையில் நின்றால், கோபுரம் அடியாரோடு ஒப்பிடப் பத்தில் ஒரு பங்கு அளவிலே பதியும். 50 மி.மீ. வில்லையோடு ஏறத்தாழ 3.6 மீற்றர் பின்னே நின்றால், அடியார் அதே பருமனில் இருக்கக் கோபுரம் ஆறில் ஒரு பங்காகப் பதியும். முருகன் சந்நிதியை நோக்கி நடக்கும் ஒருவரைப் பற்றிய படத்தில், சந்நிதியின் அளவு இவ்வாறு குன்றுவது சிறு விடயமன்று. கோயிலையும் அடியாரையும் ஒருங்கே காட்டவேண்டுமென்றே அகன்ற வில்லை பொருத்தப்பட்டது. முடிவில் கோயில் பின்னணியில் ஒரு பொம்மையாகிவிடுகின்றது.

படத்தைக் காண்பவர் எங்கிருந்து காண்கின்றார் என்பது அடுத்து நோக்கற்பாலது. இதனை விளக்குவதற்கு ஜிந்துப்பிட்டியே ஓர் உவமையைத் தருகின்றது. தமிழ் நாடகத்தாற் பெயர்பெற்ற இடம் அது. பழைய நாடக மேடைகளிலே தெருக்காட்சி, அரண்மனைக் காட்சி, வனக்காட்சி எனத் திரைச்சீலைகள் தொங்கும். தெருக்காட்சித் திரையில் இருமருங்கும் வீடுகள் சிறுத்துக்கொண்டே சென்று ஒரு புள்ளியிற் கூடும். கொட்டகையின் நடுவில், குறித்த தொலைவில் இருப்பவருக்கு அது உண்மைத் தெருவாகவே தோன்றும். ஓரத்து வாங்கில் இருப்பவருக்கோ வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவனபோலத் தோன்றும். ஓவியத்தில் பிழையில்லை, இருக்கையிலேதான் பிழை. நிழற்படத்துக்கும் இவ்வாறே ஓர் இருக்கை உண்டு. வில்லையின் குவியத்தூரத்தை, படம் பெருப்பிக்கப்பட்ட மடங்கினாற் பெருக்க வரும் தொலைவே அது.

35 மி.மீ. சுருளின் ஒரு கட்டம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. அதனை ஏழு மடங்கு பெருப்பித்தால் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான படம் கிடைக்கும். 35 மி.மீ. வில்லையால் எடுக்கப்பட்ட அப்படத்துக்கு உரிய தொலைவு 24.5 சென்ரிமீற்றர்; ஒருவர் புத்தகத்தைக் கையிற் பிடித்து வாசிக்கும் தொலைவுக்கு அது மிக நெருங்கியது. 28 மி.மீ. வில்லையின் படத்தை 20 சென்ரிமீற்றருக்குக் கிட்டவும், 21 மி.மீ. வில்லையின் படத்தை 15 சென்ரிமீற்றருக்குக் கிட்டவும் வைத்து நோக்குதல் வேண்டும். மூக்கு முட்டப் படம் பார்ப்பார் எவருமிலர். மலர்களில் அச்சாகும் படங்களோ இதனிற் பாதியளவே. அங்கு 21 மி.மீ. வில்லையின் படத்துக்கு உரிய தொலைவு நாலு விரற்கடை ஆகிவிடும். ஆகவே தெரு அகன்றும், தேர் நீண்டும், தலைகள் பிதுங்கியும் தோன்றுவதற்கு வில்லையை மட்டும் குறைகூறல் முறையன்று. எந்தப் பருமனில் எவர் கையிற் போய்ச்சேரப் போகின்றது என்பதை எண்ணாது எடுத்ததன் விளைவு அது. வில்லைகளைப் பற்றி எழுதுவோருட் பெரும்பாலார் இதனைத் தொடுவதேயில்லை. வாங்குவோர்க்கு வேண்டியதும் விற்போர்க்கு வேண்டாததுமான செய்தி இது போலும்.

தலை பிதுங்கும் அளவையும் கணக்கிட்டுக் காணலாம். சட்டத்தின் வலப்புற அல்லது இடப்புற ஓரத்தில் அமையும் உருண்டை வடிவம், 50 மி.மீ. வில்லையில் நூற்றுக்கு 6 பங்கும், 35 மி.மீ. வில்லையில் 12 பங்கும், 28 மி.மீ. வில்லையில் 19 பங்கும், 21 மி.மீ. வில்லையில் 32 பங்கும் அகன்று பதியும். வில்லை குற்றமற்றதாயினும் இது நிகழும். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுவதற்குக் கொடுக்கும் விலை இது. நூற்றுக்கு 12 பங்கைக் கண் பொறுத்துக்கொள்ளும். 19 பங்கு உறுத்தத் தொடங்கும். 32 பங்கு கேலிச்சித்திரம். வெறுந்தெருவைப் படமெடுப்பவர் இதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஜிந்துப்பிட்டியிலோ வெறுந்தெரு கிடைப்பதரிது. அங்கே படத்தின் ஓரம் முழுவதும் முகங்களே: பாற்குடம் ஏந்திய தாய்மார், பிள்ளையைத் தோளிற் சுமந்த தந்தையர், கடை வாயிலில் நின்று கைகூப்பும் முதலாளிமார். இவர்களை ஓரத்திற் பிதுக்கி நடுவே தேரை மட்டும் செம்மையாகக் காட்டும் படம், திருவிழா எவருக்காக நிகழ்கின்றது என்பதை மறந்த படமாகும்.

கோபுரத்தின் சிக்கல் இன்னும் நுண்ணியது. தெருவின் எதிர்ப்புறத்தில், 10 மீற்றர் தொலைவில் நின்று, கமெராவை நிலைக்குத்தாகத் திருப்பி, ஆனால் மேல்நோக்கிச் சாய்க்காது பிடித்தால், 35 மி.மீ. வில்லை ஏறத்தாழ 6.6 மீற்றர் உயரத்தையும், 28 மி.மீ. வில்லை 8 மீற்றரையும், 21 மி.மீ. வில்லைகூட 10 மீற்றரையுமே எட்டும். 15 மீற்றர் உயரமான கோபுரம் இவை எவற்றுள்ளும் அடங்காது. எனவே எல்லாரும் கமெராவை அண்ணாத்துகின்றனர். நிலைக்குத்துக் கோடுகள் மேலே சென்று கூடுகின்றன. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908 இல் தொடங்கி 1909 இல் நிறைவெய்திய சிவப்புப் பள்ளிவாசலின் படங்கள் பலவும் இவ்வாறே குப்புறச் சாய்ந்தவை. உல்லாசப் பயணிகள் அதனை அழகென்றே கொண்டு செல்கின்றனர். ஆயின் கோபுரத்துக்கு நேரும் தீங்கு பள்ளிவாசலுக்கு நேர்வதினும் பெரிது. கோபுரம் இயல்பாகவே மேலே செல்லச்செல்ல ஒடுங்குவது. நிலைதோறும் எவ்வளவு ஒடுங்கவேண்டும் என்பது ஸ்தபதியின் கணக்கு. கீழே நிற்பவரின் கண்ணை மேலே இழுத்துச்செல்லும் பொருட்டு அமைந்த கணக்கு. சாய்த்துப் பிடித்த வில்லை அதன்மேல் தன் ஒடுக்கத்தையும் ஏற்றுகின்றது. படத்தைக் காண்பவரால் ஸ்தபதியின் ஒடுக்கம் இவ்வளவு, கமெராவின் ஒடுக்கம் இவ்வளவு எனப் பிரித்தறிய இயலாது. சிற்பியின் கணக்கு அழிந்துபோகின்றது.

இதற்கு மருந்து இன்னும் அகன்ற வில்லையன்று. நிக்கோன் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட 35 மி.மீ. நகர்வு வில்லை போன்றவை, கமெராவைச் சாய்க்காது வில்லையை மட்டும் 11 மி.மீ. மேலே நகர்த்த இடந்தரும். மேற்கூறிய 10 மீற்றர் தொலைவில் அது ஏறத்தாழ 9.8 மீற்றர் உயரத்தை, அதாவது 21 மி.மீ. வில்லைக்கு நிகரான உயரத்தைச் சாயாமற் காட்டும். விலையோ சாதாரண மாணவனுக்கு எட்டாதது. எட்டக்கூடிய மருந்து ஒன்றுண்டு. அது எதிர்வீட்டுப் படிக்கட்டு. மேன்மாடத்தில், தரைக்கு 6 மீற்றர் உயரத்திற் கமெராவை மட்டமாகப் பிடித்தால், 28 மி.மீ. வில்லை 12 மீற்றருக்கு மேலும், 35 மி.மீ. வில்லை 11 மீற்றரும் எட்டும். ஸ்தூபியைச் சேர்க்கச் சிறிது சாய்த்தாலும் கண் அதனை உணராது. வீட்டாரிடம் அனுமதி கேட்கவேண்டும், அவ்வளவே. ஜிந்துப்பிட்டியில் அனுமதி கேட்டு ஏறியவருக்குத் தேநீர் அருந்தாமல் இறங்குவது கடினம் என்பது வேறு விடயம்.

இவ்வாறு கூறுவதால் 24, 21 மி.மீ. வில்லைகளுக்கு இப்பகுதியில் வேலையே இல்லையெனக் கொள்ளலாகாது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் மண்டபங்கள் அவற்றுக்கு உரிய களம். 1857 இல் பொன்னம்பல முதலியாரால் நிறுவப்பெற்ற அக்கோயிலை, அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கித் திருப்பணி செய்வித்தார். தூண்வரிசைகளின் ஒழுங்கும், கல்லின் கருமையும், அவற்றிடையே சாய்ந்துவிழும் ஒளியும் சேர்ந்ததே அதன் அழகு. பின்னே நகர்ந்து நிற்க அங்கு இடமில்லை. தூண்கள் மறைத்துவிடும். மட்டமாக நிறுத்திய 24 மி.மீ. வில்லை அத்தூண்வரிசையை ஏனைய வில்லைகளால் இயலாத முறையிற் காட்டும். ஓரத்தில் முகங்கள் இல்லையாதலால் பிதுக்கமும் தோன்றாது. கருவறையை நோக்கிக் கமெராவைத் திருப்பலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பிற இடங்களிலும் அர்ச்சகரையோ தர்மகர்த்தாக்களையோ கேட்டபின்னரே படமெடுத்தல் முறை.

மறுதலையாக, ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேலைப் பின்தொடர்ந்து காலி வீதிக்குச் செல்பவர், சற்று முன்னர் ஒடுங்கிய தெருவில் உதவிய 28 மி.மீ. வில்லை திடீரெனப் பயனற்றுப் போவதைக் காண்பார். வீதி அகன்றது, வானம் பெரிது, இரதம் நடுவே தீப்பெட்டியளவாய் நிற்கும். கூட்டமும் ஐதாகிவிடும். பல்லாயிரவர் திரண்ட விழாவைச் சில நூறு பேர் நின்ற விழாவாக்கும் ஆற்றல் அகல்கோண வில்லைக்கு உண்டு. ஒரு வில்லையோடு காலை முதல் இரவு வரை, ஜிந்துப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை நடக்கவேண்டியவருக்கு 35 மி.மீ. வில்லையே துணை. ஒடுங்கிய இடத்தில் ஓரடி பின்வாங்கியும், அகன்ற இடத்தில் இரண்டடி முன்னேறியும் அதனைக் கொண்டு ஒப்பேற்றலாம்.

வில்லையின் உள்ளமைப்பும் தெரிவைப் பாதிக்கும். தூரமானிக் கமெராவில் வில்லையின் பின்பகுதி சுருளுக்கு மிக அண்மையில் அமையலாம். லுட்விக் பெர்ற்றேலே வகுத்த 21 மி.மீ. பயோகொன் 1954 இல் கொன்ராக்ஸ் கமெராவுக்கு வந்தபொழுது நேர்கோடுகளை வியக்கத்தக்க செம்மையோடு காட்டியது இதனாலாகும். எஸ்.எல்.ஆர். கமெராவிலோ வில்லைக்கும் சுருளுக்குமிடையே ஆடி எழுந்து விழுவதற்கு இடம் விடவேண்டும். 1959 இல் வெளியான நிக்கோர் 21 மி.மீ. வில்லையைப் பொருத்துமுன் ஆடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டு, வேறொரு காட்சிகாண் கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பியேர் அன்ஜெனியோ 1950 இல் வெளியிட்ட 35 மி.மீ. ரெற்றோபோக்கஸ் வில்லை இத்தடைக்குத் தீர்வு கண்டது. முன்னே குழிவில்லைத் தொகுதியும் பின்னே குவிவில்லைத் தொகுதியும் அமைந்த அம்முறையே பின்னர் எஸ்.எல்.ஆர். அகல்கோண வில்லைகளுக்குப் பொதுமுறையாயிற்று. அண்மைப் பொருள்களை நோக்கும்போது இவ்வகை வில்லைகளின் ஓரங்கள் மங்கும் குறையை, உள்ளுறுப்புக்களை அசையவைத்துத் திருத்தும் முறையோடு நிக்கோர் 24 மி.மீ. 1967 இல் வந்தது.

பழைய வில்லை வாங்குவோர் கொழும்பின் காற்றையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். கடலோர ஈரலிப்பில் பெட்டியுள் அடைபட்டுக் கிடந்த வில்லைகளில் பூஞ்சணம் சிலந்தி நூல்போற் படரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துவாரத்தை முழுவதும் திறந்து, ஊடுருவிப் பாராமல் வாங்கலாகாது. சிறிதளவு பூஞ்சணம் பகலிற் புலப்படாது. தீவட்டியும் மின்விளக்குச் சரமும் சட்டத்துள் வரும் இரவுத் திருவிழாவில் படம் முழுவதையும் பால்போல் வெளுக்கச் செய்துவிடும்.

துவாரத்தின் அளவும் அத்தகையதே. மாலைமங்கிய பின்னர் 400 வேகச் சுருளைக் கொண்டு எடுப்பவருக்கு, துவார எண் 2 உடைய 35 மி.மீ. வில்லை, துவார எண் 3.5 உடைய பழைய 28 மி.மீ. வில்லையினும் மூன்று மடங்கு ஒளியைத் தரும். பகலிலோ நிலைமை வேறு. துவாரத்தை 8 இல் வைத்து, 28 மி.மீ. வில்லையை 3.3 மீற்றருக்குக் குவித்துவிட்டால் 1.6 மீற்றர் தொடக்கம் முடிவிலிவரை தெளிவாகும், 35 மி.மீ. வில்லையை 5 மீற்றருக்குக் குவித்தால் இரண்டரை மீற்றர் தொடக்கம் தெளிவாகும். நெரிசலிற் குவியத்தைத் திருத்த அவகாசமில்லாத இடத்தில் இது பேருதவி. அகல்கோண வில்லையை ஏற்பதற்கு, இடம் போதாமையினும் வலுவான நியாயம் இதுவே எனலாம்.

பெருங்கலைஞரின் வழக்கத்தை எடுத்துக்காட்டி அகல்கோணத்தை ஆதரிப்பார் உளர். வில்லியம் கிளைன் 1956 இல் வெளியிட்ட நியூயோர்க் நகரப் படநூல் அவர்களுக்குச் சான்று. அண்மையிற் சென்று, முகங்களைப் பிதுங்கவைத்து, நகரத்தின் இரைச்சலைப் படமாக்கினார் அவர். பில் பிராண்ட் அகல்கோணக் கமெராவின் திரிபைக் கொண்டே மனித உடலைக் கற்பாறைபோலவும் கடற்கரைபோலவும் மாற்றிக் காட்டினார். இருவருக்கும் திரிபே நோக்கம். தாம் செய்வது யாதென அறிந்தே செய்தனர். திருவிழாப் படம் எடுப்பவர் நாடுவது அதுவன்று. அவருக்கு நெருங்கிய முன்மாதிரி ஹென்றி கார்ட்டியே பிறெசோன். பெரும்பாலும் 50 மி.மீ. வில்லை ஒன்றையே கைக்கொண்ட அவர், 1950 ஏப்பிரலில் இரமண மகரிஷி திருவண்ணாமலையில் மகாசமாதி எய்திய வேளையில் அங்கிருந்தார். கூட்டத்தையும் துயரையும் காட்ட அகன்ற வில்லை இன்றியமையாததென்போர் அவர் அங்கெடுத்த படங்களைப் பார்த்தல் நன்று.

இவ்வளவு நுணுகிப் பேசுவதற்கு ஜிந்துப்பிட்டித் தெருவொன்றின் படம் தகுதியுடையதா என வினவலாம். 1983 ஜூலை வன்செயலிற் கொழும்புத் தமிழரின் வீடுகள் எரிந்தபொழுது குடும்பப் படத்தொகுப்புக்களும் எரிந்தன. திருமணம், பூப்புநீராட்டு, தேர்த்திருவிழா ஆகியவற்றின் ஒரே சான்றாய் இருந்தவை அவை. எஞ்சிய படங்களைக் கொண்டே பலர் தம் தெரு எவ்வாறிருந்தது என்பதை மக்களுக்குச் சொல்கின்றனர். கடல்கடந்து பிறந்த பேரப்பிள்ளை ஒருவன், பாட்டனார் நடந்த தெரு இத்துணை அகலமோ எனக் கேட்பானாயின், அகலத்தை மிகைப்படுத்திய வில்லையின் கூற்றை மறுத்துரைக்க அப்பாட்டனார் உயிரோடிருக்கவேண்டும். பழைய வீடுகள் இடிந்து மாடிக்கட்டடங்கள் எழும் இந்நாளிலே, இன்று எடுக்கப்படும் படங்களுக்கும் நாளை அதே நிலைதான். ஒடுங்கிய தெருவின் இயல்பு ஒடுக்கமே. எதிர்வீட்டார் பேச்சு இவ்வீட்டிற் கேட்பதும், சுவாமி வரும்போது கதவடியில் நின்றே தீபாராதனையைக் காணக்கிடைப்பதும் அவ்வொடுக்கத்தின் பயன். அதனை நீக்கிக் காட்டும் படம் எத்துணைக் கூர்மையாய் இருப்பினும் அத்தெருவின் படமாகாது.

ஆதலின் 50 மி.மீ. வில்லையை வைத்திருப்பவர் அடுத்து 35 மி.மீ. வில்லையையே வாங்கத்தகும், துவார எண் 2 அல்லது 2.8. ஓராண்டு அதனோடு நடந்தபின்னரும் இடம் போதவில்லையெனில் 28 மி.மீ. பற்றி எண்ணலாம். கோயில் மண்டபங்களை முறையாக ஆவணப்படுத்த முனைவோர் 24 மி.மீ. வாங்குக. 21 மி.மீ. வில்லையை இரவல் பெற்றுப் பயன்படுத்துவதே நன்று. ஆண்டில் இருமுறைக்கு மேல் வேண்டியிராது.

மலர்க்குழுவினருக்கும் ஒரு சொல். படத்தின்கீழே பிரமுகர் பெயர்களை இடமிருந்து வலமாக அச்சிடும் வழக்கம் நல்லதே. அதனோடு ஆண்டையும், கமெரா நின்ற இடத்தையும், வில்லையின் குவியத்தூரத்தையும் சேர்த்தால், தெருவின் அகலத்தைப் பின்னொருவர் அப்படத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்வார். எதிர்வீட்டு மேன்மாடம், ஆடிவேல், 35 எனப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுத அரை நிமிடமும் செல்லாது.